பரங்கிமலைப் பீடமும் பல்லாவரத்துக் கல்லும்

1547-ஆம் ஆண்டு ஜனவரியில் எட்டாம் ஹென்றி இறந்தார். ஒன்பது வயது மகன் ஆறாம் எட்வர்டு அரியணை ஏறினான். அவன் பெயரால் இங்கிலாந்தை ஆண்டவர்கள் அந்தக் கோடையிலேயே ஓர் ஆணை பிறப்பித்தார்கள்: மக்கள் விழுந்து வணங்கும் சுரூபங்களைத் தேவாலயங்களிலிருந்து அகற்ற வேண்டும். அடுத்த ஆண்டே அது எல்லாச் சுரூபங்களுக்கும் பொருந்தும் என்றாயிற்று. நானூறு, ஐந்நூறு ஆண்டுகளாகக் கிராமத்து மக்கள் காசு சேர்த்துச் செய்துவைத்த மர உருவங்களும் கல் உருவங்களும் உடைபட்டன, எரிக்கப்பட்டன. சுவரோவியங்கள்மேல் சுண்ணாம்பு அடித்தார்கள்.

அதே 1547-இல் பரங்கிமலை உச்சியில் வேறொன்று நடந்தது. 1523-இல் போர்த்துகீசியர் அங்கே எழுப்பிய சிற்றாலயத்தைப் பெரிதாக்க மண்ணைத் தோண்டினார்கள். குருவானவர் காஸ்பர் கொயேலோவின் ஆட்களுக்கு ஒரு கற்சிலுவை கிடைத்தது. அதைப் பீடத்துக்கு மேலே சுவரில் பதித்தார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறது.

இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் தென்சென்னைப் புறநகரின் ஆலயங்களைப் பற்றி நாம் வழக்கமாகச் சொல்லிவரும் கதை மாறிவிடுகிறது. ‘இங்கிலீஷ் சர்ச்’ என்றால் கூர்நுனி வளைவு, வண்ணக் கண்ணாடி, நீண்ட மரப் பெஞ்சுகள், உயர்ந்த மணிக்கோபுரம் என்று நினைக்கிறோம். இடைக்கால இங்கிலாந்து அப்படியே கப்பலேறி இங்கே வந்து இறங்கியது என்றும் எண்ணிக்கொள்கிறோம். அது பாதிகூட உண்மையில்லை என்பது என் கருத்து. இடைக்கால ஆலயத்தின் உருவத்தை ஆங்கிலேயர் கொண்டுவந்தார்கள், அதுவும் மிகத் தாமதமாக. அந்த ஆலயத்துக்குள் மக்கள் புழங்கிய விதமோ ஆங்கிலேயர் கையால் வரவில்லை. அது போர்த்துகீசியர் வழியாகவும், இந்த மண்ணின் கோயில் பழக்கத்தின் வழியாகவும் இங்கே நிலைத்தது. கிண்டி முதல் தாம்பரம் வரை நெடுஞ்சாலையை ஒட்டிய ஆலயங்களின் கட்டுமானத்தையும், அதைவிட முக்கியமாக உள்ளே இருக்கும் தட்டுமுட்டுப் பொருள்களையும் பார்த்தால் இது தெளிவாகும்.

முதலில் அந்த மூல ஆலயம் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் இடைக்காலத்தில் கட்டப்பட்டு இன்றும் நிற்கும் கிராம ஆலயங்கள் எட்டாயிரத்துக்கும் மேல். பெரும்பாலானவற்றுக்கு ஒரே அமைப்பு: மேற்கே மணிக்கோபுரம், நடுவில் மக்கள் நிற்கும் நெடுங்கூடம், கிழக்கே குருவானவர் பூசை செய்யும் பீடப் பகுதி. தேவை கூடக்கூட நெடுங்கூடத்தின் இருபுறமும் பக்கக் கூடங்களைச் சேர்த்துக்கொண்டார்கள். நம் கோயிலில் தெய்வம் கிழக்கு நோக்கி நிற்கும். அங்கே மக்கள் கிழக்கு நோக்கி நின்றார்கள். மக்கள் கூடத்துக்கும் பீடப் பகுதிக்கும் நடுவே ஒரு மரத்தட்டி. அதன் மேல் சிலுவையில் தொங்கும் இயேசு, இரு பக்கமும் மரியாளும் யோவானும். நார்ஃபோக்கில் ரான்வொர்த் ஆலயத்தின் மரத்தட்டியில் புனிதர் உருவங்கள் இன்றும் வண்ணம் மாறாமல் இருக்கின்றன. கருவறைக்கும் மகாமண்டபத்துக்கும் நடுவே அர்த்தமண்டபம் இருப்பதன் காரணம் தெரிந்த நமக்கு, அந்தத் தட்டி எதற்கென்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பிரிவினைக்குச் செலவுக் கணக்கும் இருந்தது. பீடப் பகுதியைப் பராமரிப்பது பங்குக்குருவின் பொறுப்பு. நெடுங்கூடத்தையும் கோபுரத்தையும் பராமரிப்பது ஊராரின் பொறுப்பு. அதனால்தான் பல ஊர்களில் பீடப் பகுதி எளிமையாகவும், ஊர்க் கூடம் மிக ஆடம்பரமாகவும் இருக்கிறது. சஃபோக்கில் லாங் மெல்ஃபோர்டு ஆலயம் 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் துணி வணிகர் காசில் எழுந்தது. கேம்பிரிட்ஜ்ஷயரில் மார்ச் ஊர் ஆலயத்தின் மரக்கூரை முழுவதும் சிறகு விரித்த தேவதூதர்கள். ஒவ்வொரு தொழிற்கூட்டமும் ஒரு துணைப் பீடத்தையோ ஒரு விளக்கையோ தன் பொறுப்பில் வைத்திருந்தது. ஊரார் பீர் காய்ச்சி விற்று ஆலயத்துக்குப் பணம் சேர்க்கும் திருவிழா நாளும் உண்டு.

உட்கார இடம் கிடையாது. பல நூற்றாண்டுகள் கூடம் வெறுந்தரையாகவே கிடந்தது. முதியோருக்கும் நோயாளிக்கும் சுவரோரம் கல் திண்ணை. மற்றவர்கள் நின்றார்கள், மண்டியிட்டார்கள், நடமாடினார்கள். மரப் பெஞ்சுகள் பரவலாக வந்தது 15-ஆம் நூற்றாண்டில்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு ஆலயத்தைப் பற்றிப் பேசும்போது இது மிகவும் தேவைப்படும்.

மேற்கு வாசல் அருகே திருமுழுக்குத் தொட்டி. சபைக்குள் நுழையும் சடங்கு என்பதால் நுழைவாயிலருகே வைத்தார்கள். அதன் நீரை மந்திர தந்திரத்துக்கு எடுத்துப் போய்விடுகிறார்கள் என்று 1236-இல் காண்டர்பரி பேராயர் எட்மண்ட், தொட்டிக்கு மூடி போட்டுப் பூட்டச் சொன்னார். அந்தத் தொட்டிகளுக்காகக் கல் வெகுதூரம் பயணம் செய்தது. டார்செட் கரையோரத்துப் பர்பெக் கல் நாட்டின் பல பகுதிகளுக்கும் போனது. இன்றைய பெல்ஜியத்தின் தூர்னே நகரத்துக் கறுப்புச் சுண்ணாம்புக்கல்லில் செதுக்கிய தொட்டிகள் கடல் தாண்டி வின்செஸ்டருக்கும் லிங்கனுக்கும் வந்தன.

1547-இல் தொடங்கிய ஆணைகள் இவற்றில் பெரும்பகுதியைத் துடைத்தெறிந்தன. 1550-இல் கல்பீடங்களைப் பெயர்த்து மரமேசை போடச் சொன்னார்கள். 1552-53-இல் வெள்ளிப் பாத்திரங்களையும் பூசை உடைகளையும் கணக்கெடுத்து அரசு எடுத்துக்கொண்டது. இடையில் மேரி அரசியின் காலத்தில் சில திரும்பி வந்தன. எலிசபெத் வந்தபின், 1561-இல், மரத்தட்டியின் மேல்மாடத்தை இறக்க ஆணை. கட்டடம் நின்றது, உள்ளே இருந்தது போயிற்று. இந்த வெறும் கூட்டைத்தான் பின்னால் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் ‘ஆங்கில ஆலயம்’ என்று அறிந்திருந்தார்கள்.

இப்போது பரங்கிமலைக்கு வருவோம். 1523 என்பது எட்டாம் ஹென்றி போப்பாண்டவரோடு முறித்துக்கொள்வதற்குப் பத்தாண்டுகளுக்கு முந்தைய ஆண்டு. இங்கிலாந்தின் கிராம ஆலயங்கள் தம் முழு அலங்காரத்தோடு இருந்த கடைசிக் காலம். கத்தோலிக்கச் சபை தன் வழிபாட்டைச் சீர்செய்த திரெந்து பொதுச்சங்கம் கூடுவதற்கும் 22 ஆண்டுகள் முந்தியது. ஆக, மலைமேல் முதல் ஆலயம் எழுந்தபோது அதற்குப் பின்னால் இருந்த பக்தி இடைக்கால ஐரோப்பாவின் பக்திதான். சின்னமலையில் குகையை ஒட்டிப் போர்த்துகீசியர் 1551-இல் கட்டிய ஆலயத்துக்கும் இது பொருந்தும்: ஒரு குகை, பாறையில் செதுக்கிய சிலுவை, வற்றாத ஊற்று. புனிதரின் ஊற்று நீரைக் குடித்து நோய் தீரும் என்று நம்பி நடந்து போவது இங்கிலாந்திலும் பழைய வழக்கம். அங்கே அதை 16-ஆம் நூற்றாண்டில் ஒடுக்கினார்கள். சின்னமலையில் அது தொடர்ந்தது.

பீடத்துக்கு மேலுள்ள சிலுவை போர்த்துகீசியருடையது அல்ல. அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. கல்லில் புடைப்பாகச் செதுக்கிய சிலுவை, கைகளின் முனைகள் மொட்டுப் போல் விரிகின்றன, மேலிருந்து ஒரு புறா இறங்குகிறது, இருபுறமும் தூண்கள், தூண்களின் மேல் மகரங்கள், மகர வாய்களிலிருந்து எழும் வளைவு. வளைவைச் சுற்றிப் பாரசீகத்தின் பழைய பஹ்லவி எழுத்தில் ஒரு வாசகம். ஆர்தர் பர்னல் 1873-இல் இதைப் படிக்க முயன்று வெளியிட்டார். அதற்குப் பிறகும் அறிஞர்கள் வேறு வேறு விதமாகப் படித்திருக்கிறார்கள். காலம் ஏறத்தாழ 7 முதல் 9-ஆம் நூற்றாண்டுக்குள் என்பது பொதுவான கணிப்பு. இதே குடும்பத்துச் சிலுவைகள் கோட்டயத்தின் வலியபள்ளியிலும் கேரளத்தின் வேறு சில ஊர்களிலும் உண்டு. என்னை ஈர்ப்பது அந்த மகர தோரணம். பாரசீகக் கிறிஸ்தவ வாசகத்துக்கு இந்த நாட்டுச் சிற்பி தான் அறிந்த வாசலைச் செதுக்கிக் கொடுத்திருக்கிறார். சில மைல் தெற்கே பல்லாவரத்தில் முதலாம் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து ஒரு குகைக் கோயில் செய்தான். அது பிற்காலத்தில் தர்காவாயிற்று. இந்த மலைத்தொடரின் கல் எந்த மதத்துக்கும் மறுப்புச் சொன்னதில்லை.

1558 டிசம்பர் 18 அன்று பூசை நடந்துகொண்டிருந்தபோது இந்தச் சிலுவை வியர்த்தது, இரத்தம் கசிந்தது என்பது மரபு. 1704 வரை இது பலமுறை நடந்ததாகச் சொல்கிறார்கள். முதல் கசிவுக்கு ஒரு மாதம் முன்புதான், நவம்பர் 17 அன்று, எலிசபெத் இங்கிலாந்தின் அரசியானார். இங்கே சிலுவை கசிகிறது என்று மக்கள் மலையேறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அங்கே மரத்தட்டிகளின்மேல் நின்ற சிலுவைகளை ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தார்கள். அற்புதத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் அந்தப் பீடம், அதன்மேல் ஒரு அதிசயக் கல், பேறுகாலத்தை எதிர்நோக்கும் மரியன்னையின் பெயரில் டிசம்பர் 18 திருநாள், புனித லூக்கா வரைந்தது என்று போற்றப்படும் மாதா ஓவியம் என்ற இந்தச் சேர்க்கை முழுக்க முழுக்க இடைக்காலத்துச் சேர்க்கை. 1500-இல் வாழ்ந்த ஒரு நார்ஃபோக் விவசாயி இங்கே வந்திருந்தால் அவருக்கு எதுவும் அந்நியமாகப் பட்டிருக்காது. அவருடைய பேரனுக்கு எல்லாமே அந்நியமாகப் பட்டிருக்கும்.

மலைக்குப் படிக்கட்டு அமைத்தவர் அர்மீனிய வணிகர் கோஜா பெட்ருஸ் உஸ்கான். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726-இல் மர்மலாங் பாலம் கட்டியவரும் அவரே. பாலம் கட்டுவதும் ஆலயம் கட்டுவதும் ஒரே புண்ணியக் கணக்கில் சேரும் என்பது இடைக்கால இங்கிலாந்தின் வணிகரும் நம்பியதுதான். உயிலில் ஆலயத்துக்கு ஒரு தொகை, பாலத்துக்கு ஒரு தொகை எழுதிவைப்பார்கள்.

ஆங்கிலேயர் கட்டிய முதல் ஆலயம் புறநகரில் இல்லை, கோட்டைக்குள் இருக்கிறது. ஆனால் அதன் மிக முக்கியமான பொருள் புறநகரிலிருந்து போனது. புனித மேரி ஆலயத்துக்கு 1678 மார்ச் 25 அன்று அடிக்கல் நாட்டினார்கள். 1680 அக்டோபர் 28 அன்று அர்ப்பணம். ஆளுநர் ஸ்ட்ரெயின்ஷாம் மாஸ்டர் முன்னின்று, கோட்டையிலிருந்த ஆங்கிலேயரிடம் நன்கொடை திரட்டிக் கட்டினார். அமைப்பு இடைக்காலத்து அமைப்புதான்: நெடுங்கூடம், இரண்டு பக்கக் கூடங்கள். ஆனால் கூரை மரக்கூரை அல்ல. குண்டு விழுந்தாலும் தாங்கவேண்டும் என்று நான்கடித் தடிமனுள்ள சுவர்கள்மேல், இரண்டடித் தடிமனில் செங்கல்லால் அரைவட்ட வளைவாக மூடினார்கள். தேவதூதர்கள் செதுக்கிய கூரை இல்லை, பீரங்கிக்கு அஞ்சிய கூரை. ஒரு குடியேற்றத்தின் மனநிலையை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் கட்டட உறுப்பு வேறு இருக்குமா என்று தெரியவில்லை.

அந்த ஆலயத்தில் ஞானஸ்நானத் தொட்டி பல்லாவரத்துக் கருங்கல்லால் ஆனது. 1680-களில் செய்தது. மேலே செதுக்கு வேலை செய்த மர மூடி. பேராயர் எட்மண்டின் பழைய கட்டளை நாலரை நூற்றாண்டு கடந்து வங்காள விரிகுடாவின் கரைக்கு வந்துவிட்டது. பின்னாளில் கல்கத்தாவை நிறுவிய ஜாப் சார்னாக்கின் மூன்று பெண்மக்களுக்கு 1689-இல் இந்தத் தொட்டியில்தான் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். சார்னாக் இறந்தபின் கல்கத்தாவில் அவர் கல்லறைமேல் வைத்த கல்லும் இங்கிருந்தே போனது. 1893-இல் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் அந்தக் கல்லை ஆராய்ந்து, அந்தப் பாறை வகைக்கே சார்னாக்கைட் என்று பெயரிட்டார். பரங்கிமலை, பல்லாவரம், திரிசூலம் குன்றுகள் எல்லாம் அந்தப் பாறைதான். உலகின் புவியியல் பாடநூல்களில் இன்று நம் புறநகர்க் குன்று ஒரு ஆங்கிலேயரின் கல்லறை வழியாக இடம் பிடித்திருக்கிறது. (இதே பல்லாவரத்தில்தான் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-இல் பழைய கற்காலக் கோடரியைக் கண்டெடுத்தார். இந்த ஊர்க் கல்லை மனிதன் செதுக்கத் தொடங்கி மிக நீண்ட காலமாகிறது.)

கல்லின் தன்மை கட்டடத்தின் தன்மையைத் தீர்மானிக்கிறது. இங்கிலாந்தின் ஆலயங்களில் சன்னல்களில் கொடிபோல் பின்னிய கல்வேலை சாத்தியமானது அங்கே மென்மையான சுண்ணாம்புக்கல் கிடைத்ததால். பல்லாவரத்துக் கல் உளியை மழுக்கும். அதில் தொட்டி செய்யலாம், தூணுக்கு அடிக்கல் வைக்கலாம், கல்லறைப் பலகை அறுக்கலாம். மெல்லிய சன்னல் பின்னலை அதில் எதிர்பார்க்க முடியாது. அதனால் சென்னைப் பக்கத்து ஆலயங்கள் செங்கல்லிலும் சுண்ணத்திலும் எழுந்தன. கிளிஞ்சல் சுண்ணத்தோடு முட்டை வெள்ளைக்கரு, தயிர் சேர்த்து அரைத்துப் பூசி, பளிங்குபோல் மின்னத் தேய்த்தெடுக்கும் கொத்தனார்களின் கைவேலையே இங்கே கல்தச்சரின் வேலைக்கு ஈடாக நின்றது.

மெட்ராஸ் பீரங்கிப் படையின் தலைமையிடம் பரங்கிமலை அடிவாரத்துக்கு வந்தபின், 19-ஆம் நூற்றாண்டில் அங்கே படைவீரர்களுக்கென்று எழுந்த புனித தோமா ஆலயத்தைப் பாருங்கள். அடிவாரத்துப் பெருஞ்சாலையிலிருந்தே அதன் கோபுரம் தெரியும். அது கூர்வளைவு ஆலயம் அல்ல. முகப்பில் உயர்ந்த தூண்கள், மேலே கூர்நுனிக் கோபுரம், வெளுத்த சுண்ணப்பூச்சு. இதன் முன்மாதிரி ஜேம்ஸ் கிப்ஸ் 1720-களில் லண்டனில் கட்டிய செயின்ட் மார்ட்டின் ஆலயமும், 1728-இல் அவர் வெளியிட்ட வரைபட நூலும்தான். கதீட்ரல் சாலையில் 1816-இல் அர்ப்பணமான செயின்ட் ஜார்ஜ் ஆலயமும், எழும்பூரில் 1821-இல் முடிந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் கர்க்கும் அதே மரபு. இடைக்காலத்தைக் காட்டுமிராண்டித்தனம் என்று ஒதுக்கிய நூற்றாண்டின் கட்டடங்கள் அவை.

உள்ளேயும் அப்படியே. சுரூபம் கிடையாது, துணைப் பீடம் கிடையாது, விளக்கு ஏற்றுவது கிடையாது. அந்த இடத்தை நிரப்பியது இறந்த அதிகாரிகளின் பளிங்கு நினைவுப் பலகை. காலராவிலும் காய்ச்சலிலும் போரிலும் இறந்த இருபது, முப்பது வயது ஆண்கள். பிரசவத்தில் இறந்த பெண்கள். பிறந்து சில மாதங்களே ஆன குழந்தைகள். இடைக்கால ஆலயத்தில் இறந்தவருக்காகச் செபித்தார்கள், அவர் ஆன்மாவுக்காக விளக்கெரித்தார்கள். படைமுகாம் ஆலயத்தில் இறந்தவரைப் பற்றி வாசிக்க மட்டுமே முடியும். புனிதர்கள் இருந்த சுவரில் பீரங்கிப் படைத் தளபதிகள் குடியேறினார்கள் என்று சொன்னால் கடுமையாக இருக்கலாம். ஆனால் சுவர்கள் அதைத்தான் சொல்கின்றன.

கூர்வளைவு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1836-இல் பியூஜின் எழுதிய நூலும் 1839-இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ் கேம்டன் சங்கமும் இங்கிலாந்தில் இடைக்காலத்தை மீட்கக் கிளம்பின. பெட்டிபோல் அடைத்த இருக்கைகளை எடுத்து எறிந்து திறந்த பெஞ்சு போடு, பீடத்தைப் படிகள்மேல் உயர்த்து, தொட்டியை மேற்கு வாசலுக்குக் கொண்டுபோ என்றார்கள். அந்த அலை இங்கே முழு வடிவில் தெரிவது சாந்தோமில். அங்கிருந்த பழைய போர்த்துகீசிய ஆலயத்தை இடித்து, பொறியாளர் கேப்டன் பவர் வரைந்த கூர்வளைவு ஆலயத்தை 1896-இல் அர்ப்பணித்தார்கள். அதாவது, உண்மையிலேயே இடைக்காலத்தின் கடைசி மூச்சிலிருந்து வந்த ஒரு கட்டடத்தை இடித்துவிட்டு, இடைக்காலம் போன்ற ஒன்றைக் கட்டினார்கள். அழகான கட்டடம்தான். இழப்பும் இழப்புதான்.

புறநகரின் அடுத்த அத்தியாயம் ரயிலால் வந்தது. 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-இல் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. சுவிஸ் கட்டடக் கலைஞர் ஹென்றி ஷேட்டி வளாகத்தை வடிவமைத்தார். 1938 டிசம்பரில் பன்னாட்டு மிஷனரி கவுன்சிலின் உலக மாநாடு அந்த வளாகத்திலேயே கூடியது. மாநாட்டை ஒட்டி, பி. செஞ்சையா, வி. சக்கரை ஆகியோர் அடங்கிய சென்னைக் குழு ‘இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுசிந்தனை செய்தல்’ என்ற பொருளில் ஒரு நூலை வெளியிட்டது. மேலைநாட்டுச் சபை அமைப்பையே கேள்வி கேட்ட நூல் அது.

கட்டடத்திலும் அந்தக் கேள்வி எழுந்தது. திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் பிறந்து தெலுங்கு நாட்டில் பேராயரான அசரியா, தோர்ணக்கல்லில் கட்டிய பேராலயத்தைத் தாம்பரம் மாநாடு முடிந்த கையோடு, 1939 ஜனவரியில் அர்ப்பணித்தார். கோயில் தூண்களும் மசூதியின் குவிமாடமும் கலந்த கட்டடம் அது. திருப்பத்தூரில் சவரிராயன் ஜேசுதாசனும் ஃபாரெஸ்டர் பேட்டனும் 1921-இல் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமத்தின் ஜெபாலயம் தமிழ்க் கோயிலின் அமைப்பையே எடுத்துக்கொண்டது. ஆனால் அந்த முயற்சி தாம்பரத்துச் சபைகளிடம் வேர்விடவில்லை. அதற்கு மக்களைக் குறை சொல்ல மாட்டேன். கோயில் தெருவுக்குள் கால் வைக்க விடாமல் துரத்தப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, கோயில் போன்ற ஆலயம் என்ன நினைவைக் கொடுக்கும்? கூர்வளைவு அவர்களுக்கு ஆங்கிலேயரின் அடையாளமாக மட்டும் இல்லை, தாராளமாக நுழையக்கூடிய வாசலின் அடையாளமாகவும் இருந்தது.

உட்காரும் கேள்விக்கு இங்கே வருகிறேன். தமிழ்நாட்டுக் கிராம ஆலயங்களில் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டு, பாயிலோ வெறுந்தரையிலோ சம்மணமிட்டு உட்காருவார்கள். ஆண்கள் ஒருபுறம், பெண்கள் ஒருபுறம். வேலைக்காகப் புறநகருக்கு வந்தவர்கள் இந்தப் பழக்கத்தைக் கூடவே கொண்டுவந்தார்கள். முன்பகுதியில் ஜமுக்காளம் விரித்து, பின்னால் பெஞ்சோ நாற்காலியோ போட்ட ஆலயங்களை இன்றும் பார்க்கலாம். இதை வசதியின்மை என்று எண்ணிப் பலரும் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. திறந்த தரை, நகர்ந்து இடம்விடும் கூட்டம், சுவரோரம் முதியோர் என்ற இந்தக் காட்சிதான் 1300-இல் ஓர் ஆங்கிலக் கிராம ஆலயத்தின் காட்சி. வரிசையாக ஆணியடித்த பெஞ்சுகளும், குடும்பத்துக்குக் குடும்பம் வாடகைக்கு விட்ட இருக்கைகளும் பின்னால் வந்தவை.

இருக்கை என்றாலே அந்தஸ்து நுழைந்துவிடுகிறது. படைமுகாம் ஆலயத்தில் அதிகாரிகள் முன்னே, சிப்பாய்கள் பின்னே. நம்மிடம் சாதி நுழைந்தது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1870-களில் கட்டிய ஆலயத்தில், ஒரே பீடத்தைப் பார்த்து இரண்டு தனித்தனிக் கூடங்கள் விரிகின்றன. வெள்ளாளருக்கு ஒன்று, நாடாருக்கு ஒன்று, நடுவே சுவர். 1910-இல் அந்தச் சுவரை இடித்தார்கள். இடைக்காலத்து மரத்தட்டி குருவையும் மக்களையும் பிரித்தது. அதற்காவது ஓர் இறையியல் காரணம் சொன்னார்கள். இந்தச் சுவருக்குச் சொல்ல எந்த நியாயமும் இல்லை.

பீடத்தின் நிலையும் மாறியது. 1947 செப்டம்பர் 27 அன்று செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. 1950-இல் அது தயாரித்த நற்கருணை வழிபாட்டு முறையில், ஆயர் மேசைக்குப் பின்னால் நின்று மக்களை நோக்குகிறார். கத்தோலிக்கச் சபை இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1960-களில்தான் இந்த முறைக்கு வந்தது. உலகம் முழுவதும் ஆலயங்களின் உள்ளமைப்பை மாற்றிய ஒரு நகர்வில் சென்னை பத்தாண்டுகளுக்கும் மேல் முந்திக்கொண்டது என்பதை நம்மவர்களே அதிகம் பேசுவதில்லை. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் பகுதிகளில் அதன் பின் எழுந்த கான்கிரீட் ஆலயங்கள் பெரும்பாலும் இந்த ஏற்பாட்டின்மீது அமைந்தவை: அகன்ற கூடம், நடுத்தூண் இல்லாத கூரை, எல்லோருக்கும் தெரியும்படி முன்னுக்கு வந்த பீடம். முகப்பில் மட்டும் ஒரு கூர்வளைவைச் சிமெண்டில் வார்த்து வைக்கிறார்கள்.

வழக்கங்களில்தான் இடைக்காலம் இன்னும் உயிரோடு இருக்கிறது. 1972-இல் எழுந்த பெசன்ட் நகர் வேளாங்கண்ணி ஆலயத்தில் ஆகஸ்ட் 29 அன்று கொடியேற்றம், செப்டம்பர் 8 அன்று திருநாள். தாம்பரம், வண்டலூரிலிருந்தெல்லாம் காவி உடையில் நடந்தே போகிறார்கள். குணமான கை, கால், கண்ணின் உருவத்தை மெழுகிலோ வெள்ளியிலோ காணிக்கையாக வைக்கும் வேளாங்கண்ணி மரபை மூடப்பழக்கம் என்று ஒதுக்குபவர்கள் எக்ஸெட்டர் பேராலயத்தின் கதையைக் கேட்க வேண்டும். உலகப் போர்க் குண்டுவீச்சுக்குப் பின், 1943-இல், ஆயர் எட்மண்ட் லேசியின் கல்லறைக்கு மேலே ஒளிந்திருந்த மெழுகுக் கைகளும் கால்களும் கிடைத்தன. 15-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் வைத்த காணிக்கைகள் அவை. தென்னிந்தியத் திருச்சபை ஆலயங்களின் அறுப்பின் பண்டிகையில் பூசணிக்காயும் வாழைத்தாரும் ஏலம் போகும். ஒரு எலுமிச்சம்பழத்துக்கு ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். அந்தப் பண்டிகையின் இன்றைய வடிவம் 1843-இல் கார்ன்வால் கிராமம் ஒன்றின் குருவானவர் ராபர்ட் ஹாக்கர் தொடங்கிவைத்தது. ஏலத்தின் சத்தமும் சிரிப்பும் சாப்பாடும் நம்முடையவை. ஊரார் பீர் விற்றுக் கோபுரம் எழுப்பிய அந்தப் பழைய திருவிழாவுக்கு விக்டோரியா காலத்து ஆங்கில வடிவத்தைவிட இதுவே நெருக்கம்.

இவ்வளவுக்கும் ஆதாரமான பொருள்கள் இப்போது வேகமாகக் கைவிட்டுப் போகின்றன. சபை பெருகுகிறது, இடம் போதவில்லை, பழைய கட்டடத்தை இடிக்கிறார்கள். இடிப்பது சில நேரம் தவிர்க்க முடியாதது. ஆனால் தேக்குப் பெஞ்சு மரக்கடைக்குப் போகிறது, செதுக்கு வேலைப் பிரசங்க மேடை கொட்டகையில் கறையான் ஏறிக் கிடக்கிறது, பழைய தரைக்கல்லுக்கு மேல் பளபளக்கும் ஓடு ஒட்டுகிறார்கள். ஜூலியன் காட்டன் 1905-இல் சென்னை மாகாணத்துக் கல்லறைக் கல்வெட்டுகளையும் நினைவுப் பலகைகளையும் தொகுத்து அச்சிட்டார். அதனால் அங்கே புதைந்த ஆங்கிலேயரின் பெயர்கள் பிழைத்தன. தொட்டியைக் குடைந்த கல்தச்சர், மூடியைச் செதுக்கிய ஆசாரி, சுண்ணம் தேய்த்த கொத்தனார் ஆகியோரின் வேலைக்கும் அப்படி ஒரு தொகுப்பு வேண்டும். இங்கிலாந்தில் நிக்கோலஸ் பெவ்ஸ்னர் 1951 முதல் 1974 வரை மாவட்டம் மாவட்டமாகப் போய் ஒவ்வொரு ஆலயத்தின் தொட்டி, தட்டி, மேடை, சன்னல் அனைத்தையும் பதிவு செய்து 46 தொகுதிகளாக வெளியிட்டார். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சைதாப்பேட்டை முதல் வண்டலூர் வரை ஒவ்வொரு சேகரத்திலும் பங்கிலும் இளைஞர் சங்கத்தார் சிலர் கைப்பேசியோடு அமர்ந்து, திருமுழுக்குத் தொட்டி எந்தக் கல், யார் கொடுத்தது, எந்த ஆண்டு, முன்பு எங்கே இருந்தது என்று சபையின் மூத்தவர்களிடம் கேட்டு எழுதிவைத்தால் போதும். தொட்டியில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: கட்டடத்தை இடிக்கும்போதும் பெரும்பாலான சபைகள் அதை மட்டும் எறிவதில்லை.